எழுநூற்றுப் பதினெட்டுப் படங்களும் ஒரு கடற்பசுவும்

நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையில் உப்புநீரில் வேரூன்றி நிற்கும் எங்கள் கண்டல் காட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: "குறிப்பிடத்தக்க உயிரினங்கள் எவையும் இல்லை."

கிராம சேவகர் அலுவலகத்துப் பலகையில் அதை ஒட்டியிருந்தார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசித்தேன். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் பெயர் கூப்பிட்டுப் பழகிய தொண்டை இது. கிண்ணியாவில் நின்று நான் கூப்பிட்டால் மூதூரில் படுத்திருப்பவன் எழும்பிச் சாரத்தை இறுக்கிக் கட்டுவான்.

"என்னையும் சேர்த்தா சொல்றாங்கள்?" என்று கேட்டான் பக்கத்தில் நின்ற பாயிஸ். என் மனைவியின் தம்பி. பாலம் வரும்வரை கிண்ணியாவில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் கயிறு இழுத்தவன். பாலம் வந்த நாளிலிருந்து எனக்குப் பக்கத்தில் நிற்பதுதான் அவனுக்குத் தொழில்.

"உன்னைச் சேர்த்திருந்தா உயிரினம் எண்டே எழுதியிருக்க மாட்டாங்கள் மச்சான்."

சிரிப்பு அதோடு நின்றது. விடுதி கட்ட வரும் அலைமணி நிறுவனம் எழுதிய அறிக்கை அது; கடைசிப் பக்கத்தில் ஒரு வரைபடம் இருந்தது. கண்டல் நின்ற இடத்தை மண் போட்டு நிரப்பி, உல்லாசப் படகுகளுக்கு இறங்குதுறை, அதன் பின்னால் நாற்பது அறை விடுதி. எங்கள் அறுபது வீடுகளும் நின்ற இடத்தில் ஒரு பச்சைக் கட்டம். அதன் மேல் 'முத்துக்குடா' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரின் பெயர் பரீதா நகர். அந்தப் பெயர் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை.

ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் தந்திருந்தார்கள்.

பரீதா யார் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்து பஸ்ஸில் ஏறினதில்லை என்று பொருள். கடல் பெருக்கெடுத்து வந்து எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகு, வெளிநாட்டுக்காரர் ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு அறுபது வீடு கட்டித் தந்தது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே நீலம். அந்தியில் மாறி வீடு புகுந்து, வேறொருவன் பெண்சாதி வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, உப்புக் குறைவு என்று சண்டையும் பிடித்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். திட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'இலக்கம் மூன்று'. ஆனால் முதல் மாதமே, ஊரே ராத்தா, அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற சித்தி பரீதா கண்டலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு, முழங்கால் மட்டும் சேற்றில் கிடக்க, மடியில் பலகை வைத்து, பறவைகளைக் கீறத் தொடங்கிவிட்டா. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது பெரிய புதினம். கொண்டக்டர்மார் "படம் கீறுற பரீதா இறங்குங்க!" என்று கூவத் தொடங்கினார்கள். பிறகு "பரீதா இறங்குங்க" ஆனது. பிறகு கடிதங்களில் 'பரீதா நகர்' என்று எழுதி வந்தது. தபால் அதிபர் என்ற முறையில் நான் அந்தப் பெயருக்கு முத்திரை குத்தினேன். ஆகவே ஊருக்குப் பெயர் வைத்தது நான்தான் என்று சொல்லலாம். சொல்லிக்கொண்டுதான் வருகிறேன்.

ராத்தாவின் படங்கள் கொழும்பில் அச்சான பறவைப் புத்தகங்களில் வந்தன. அவ கீறிய மீன்கொத்தியைப் பார்த்து என் வீட்டுப் பூனை மூன்று நாள் சாப்பிடாமல் அந்தப் பக்கத்தின் முன்னால் குந்திக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கை. ஆனால் அவ பெருமைப்பட்டது முன்பக்கத்தைப் பற்றியல்ல, தாளின் பின்பக்கத்தைப் பற்றி. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் திகதி, நேரம், இடம், கடல் வெள்ளம் ஏறுகிற ஏத்தா இறங்குகிற வத்தா, என்ன காற்று, கூட நின்று கண்டது யார், அவருடைய கையெழுத்து. "கண்டதைக் கீறு. கேட்டதைக் கீறாதே. தனியக் கண்டா, ஆளைக் கூட்டிவந்து காட்டிப்போட்டுக் கீறு." இதுதான் அவவின் சட்டம். சாட்சி இல்லாத படத்தை, எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், மடித்து அடுப்பு மூட்டக் கொடுத்துவிடுவா.

ராத்தா மவுத்தான பிறகு ஊர் கூடி யோசித்தது. சிலை வைக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. கல்வெட்டு வைத்தால் ஆடு உரசும். அவவின் மகள் சனூஸாதான் வழி சொன்னாள். தையல் கடை வைத்திருப்பவள், கத்தரிக்கோலைப் போலவே பேச்சும். மாரி மழை ஓய்ந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, ஒவ்வொரு வீடும் அந்த வருடம் தன் கண்ணால் கண்ட ஓர் உயிரையாவது கீறிக் கொண்டுவர வேண்டும். பின்பக்கத்தில் ராத்தாவின் சட்டப்படி எல்லாம் இருக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கண்டல் வரை நைலோன் கயிறு கட்டி, உடுப்புக் கொளுவுகிற கிளிப்பால் கொளுவ வேண்டும். பன்னிரண்டு வருடமாக அது நடக்கிறது.

படங்கள் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். ராத்தாவின் கை ராத்தாவோடு போய்விட்டது. எங்கள் ஊரார் கீறிய செங்கால் நாரை, குடையை மடிக்கத் தெரியாதவன் மடித்த குடை மாதிரி இருக்கும். ஒருமுறை ஒரு வீட்டார் கீறிய நீர்நாயைத் தையல் மெஷின் என்று நினைத்து, என்ன விலை என்று கேட்டுப் போனார் ஒருவர். மார்க்கம் பார்த்து, உயிருள்ளதைக் கீற விருப்பமில்லாத வீடுகளும் உண்டு. ஹிஸ்புல்லா ஹாஜியார் அதில் முதல் ஆள். அவர் வருடாவருடம் சேற்றில் கண்ட கால்தடத்தை மட்டும் கீறுவார். ஐந்து விரல், நகம் பதிந்தது, இரண்டு அங்குலம், என்று அளவோடு. அதையும் கயிற்றில் கொளுவுவோம். பிறகு வட்டிலப்பம், பிளேன்டி, ஆளையாள் பழிக்கிறது.

அந்தக் கயிற்றில் கூட்டம் கூடுகிற இடம் எதுவென்றால், என் படத்தின் முன்னால். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் கீறியவை: இருபத்தேழு அடி முதலை. ஆட்டைத் தூக்கிக்கொண்டு பறந்த கூழைக்கடா. நிமிர்ந்து நின்று பள்ளிவாசல் பாங்கு கேட்ட உடும்பு. சீனன்குடாவில் இறங்க வந்த விமானம், எங்கள் பூநாரைக் கூட்டத்துக்கு வழிவிட்டு ஆகாயத்தில் மூன்று சுற்றுச் சுற்றியது. இப்படிப் பதினொன்று. பதினொன்றின் பின்னாலும் திகதி, நேரம், காற்று, வெள்ளம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாட்சி என்ற இடத்தில், 'பாயிஸ்' என்ற கையெழுத்து. நான் தாளை நீட்டுவேன், அவன் முன்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் போடுவான். கையெழுத்துப் போட்ட பிறகுதான், "இந்த முறை நாம என்ன கண்டமாம் மச்சான்?" என்று கேட்பான்.

பன்னிரண்டாவது படம் கடற்பசு.

அது நடந்தது போன வருடம் ஓகஸ்ட் பதினாலாம் திகதி, காலை ஆறு இருபதுக்கு. கச்சான் காற்று கிளம்பவில்லை. நல்ல வத்து. நான் தூண்டிலோடு கண்டல் வாயில் நின்றேன். தண்ணீர் சும்மா விலகியது. சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, மாட்டு மூக்கு மாதிரி ஒரு மூக்கு, ஒரு பெருமூச்சு. அதன் பக்கத்தில் அதே மாதிரி, சின்னதாக இன்னொன்று. தாய், பிள்ளை. இரண்டும் கடற்புல்லை மேய்ந்துகொண்டு போயின. எழுபது வயதுவரை இந்தக் குடாவில் கால் நனைத்தவன் நான், அதுவரை கண்டதில்லை. என் வாய் ஒரு நிமிடம் மூடிக் கிடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைக் கூட்டாமல் குறைக்காமல் கீறினேன். பாயிஸிடம் நீட்டினேன். அவன் வழமைபோலப் போட்டான். கயிற்றில் கொளுவினேன். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. "இந்த முறை பசுவைக் கடலுக்குள்ள இறக்கிட்டார் போஸ்மாஸ்டர்!"

சரி. அறிக்கைக்கு வருவோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சனூஸா தன் வீட்டு முற்றத்தில் ஊரைக் கூட்டினாள். பன்னிரண்டு வருடப் படங்களும் அவளிடம்தான் இருந்தன, உம்மாவின் அலுமாரிக்குள், சாறிப் பெட்டிகளில். பெட்டிகளை வெளியே எடுத்துப் பாயில் கொட்டினாள்.

"ஒண்டும் இல்லையாம் எண்டு எழுதியிருக்காங்க. அவங்க எத்தனை நாள் வந்து பார்த்தாங்க? ரெண்டு நாள். அதுவும் வத்துக்குள்ள, பத்து மணி வெயிலுக்க. நாம பன்னெண்டு வருஷம் பார்த்திருக்கோம். திகதி இருக்கு, சாட்சி இருக்கு. இதுதான் நம்மட ஆட்சேபம். இவ்வளவையும் கொண்டுபோய் மேசையில வைப்பம்."

"இந்தப் படத்தையா?" என்றார் ஒருவர். "சிரிப்பாங்களே புள்ள."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிய, பின்பக்கத்தத் திருப்பச் சொல்லுவன்."

முற்றம் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், கடலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் நின்ற கப்பல் நங்கூரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். ஹாஜியார் எழும்பி, "என்ட கால்தடத்தையும் வையுங்கோ. அவங்க வந்தா நான் நிலத்திலேயே அளந்து காட்டுவன்" என்றார்.

அப்போது சனூஸா என்னைப் பார்த்தாள். ஊரும் திரும்பிப் பார்த்தது.

"சரீப் மாமா."

"என்ன மகள்?"

"பொய்யெல்லாத்தையும் வெளிய எடுங்க."

"எது பொய்? எல்லாம் கண்டதுதான். கொஞ்சம் உப்புப் போட்டிருக்கன்."

"ஆட்டைத் தூக்கின கூழைக்கடா?"

"அது சின்ன ஆடு மகள்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. சனூஸா பாயில் என் முன்னால் குந்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "மாமா, உம்மா இருந்திருந்தா இந்தப் படத்தை அடுப்புக்குக் குடுத்திருப்பா. நான்தான் பார்த்துச் சிரிச்சிட்டு வைச்சிருந்தன். இப்ப இதில ஒண்டு பொய்யெண்டு பிடிபட்டா, ஹாஜியாரின்ட தடமும் பொய். எல்லாரும் கீறினதும் பொய். கண்டலும் போச்சு. உம்மாட பேரும் போச்சு."

நான் முதலையை எடுத்தேன். கூழைக்கடாவை எடுத்தேன். உடும்பை எடுக்கும்போது, சத்தியமாகச் சொல்கிறேன், அது என்னை ஒரு பார்வை பார்த்தது. பதினொன்றையும் எடுத்து மடியில் வைத்தேன். கடற்பசுவில் கை நின்றது.

"அதும்தான்," என்றாள்.

"இது உண்மை."

முற்றத்தின் மூலையில் யாரோ கனைத்தார்கள்.

"மகள், இது உண்மை. தாயும் பிள்ளையும். நான் கண்டனான்."

"ஆரு கூட நிண்ட?"

பின்பக்கத்தைப் பார்த்தேன். பாயிஸ். பாயிஸ் தன் கால் விரலைப் பார்த்தான். அன்றைக்கு அவன் காய்ச்சலோடு ஆசுபத்திரியில் கிடந்தது ஊருக்கே தெரியும். பதினொரு வருடம் பொய்க்குச் சாட்சி வாங்கிப் பழகி, ஒரே ஒரு உண்மை வந்த நாளில் அதற்கும் பொய்ச் சாட்சி வாங்கி வைத்திருந்தேன். இந்த உலகத்தில் இப்படியொரு முட்டாள்தனத்தைச் செய்ய எங்கள் ஊரானால் மட்டும்தான் முடியும். எங்கள் ஊரிலும் என்னால்தான் முடியும்.

மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். கழித்தது போக மிச்சம் எழுநூற்றுப் பதினெட்டு.

விசாரணை நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் ஊரிலிருந்து மூன்று பஸ்ஸில் போனோம். மேசைக்குப் பின்னால் குழுவின் தலைவர், வெள்ளைச் சட்டை, பெரிய பொறுமைசாலி மாதிரி முகம். அவருக்கு அருகில் கீர்த்தனி என்று ஒரு உத்தியோகத்தர், இறக்கக்கண்டி ஊர்ப் பெண், படங்களைச் சரிபார்ப்பது அவளுடைய வேலை. மற்றப் பக்கத்தில் அலைமணி நிறுவனத்தின் ஆள், நிப்றாஸ். கழுத்துப்பட்டி கட்டி, செருப்புச் சத்தம் கேட்காமல் நடக்கிற பேர்வழி.

போகிற வழியில் நான் ஒரு வேலை செய்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால், களவு. பஸ்ஸில் சனூஸா இறங்கிய நேரம் பார்த்து, கடற்பசுவைப் பெட்டிக்குள் திரும்பச் செருகிவிட்டேன். என் எண்ணம் இதுதான். நாரையும் நண்டும் இருக்கிற கண்டலை வெட்டுவார்கள். கடற்பசு பிள்ளையோடு மேய்கிற இடத்தை வெட்ட எந்தக் குழுவும் பயப்படும். ஒரு தாள் போதும். அது உண்மையும்கூட. சாட்சி மட்டும்தானே பிழை?

சனூஸா பெட்டிகளை மேசையில் வைத்தாள். நிப்றாஸ் மேலால் கிடந்ததை எடுத்துப் பார்த்தான். தலைவருக்குக் காட்டினான். "இது என்ன ஐயா, கேத்திலா?"

"பூநாரை," என்றாள் சனூஸா. "பின்னால திருப்புங்க."

கீர்த்தனி திருப்பினாள். வாசித்தாள். இன்னொன்றைத் திருப்பினாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினாள். ஹாஜியாரின் கால்தடங்களுக்கு வந்ததும் நிமிர்ந்தாள். "இதை அளந்தது ஆர்?"

"நான்தான் மகள்," என்றார் ஹாஜியார், எழும்பி.

"இது நீர்நாயின்ட தடம். இது மீன்பிடிக்கிற காட்டுப்பூனை. எட்டு வருஷமா ஒரே இடத்தில வந்திருக்கு. அறிக்கையில இது ஒண்டும் இல்லையே." அவள் நிப்றாஸைப் பார்த்த பார்வையில் எங்கள் மூன்று பஸ்ஸும் ஒரு அடி உயர்ந்தன.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அங்கேயே நன்றாக முடிந்திருக்கும். ஆனால் கீர்த்தனியின் கை அடுத்ததாக எடுத்தது கடற்பசுவை.

அவள் முகம் மாறியதை நான் கண்டேன். "தாயும் பிள்ளையுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். தலைவர் முன்னால் குனிந்தார். சனூஸா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. நிப்றாஸ் கெட்டிக்காரன். தாளை வாங்கி, பின்பக்கத்தை வாசித்து, வாசித்த பெயரைக் கூப்பிட்டான்.

"சாட்சி பாயிஸ் எண்டு இருக்கு. அவர் வந்திருக்காரா? சத்தியம் பண்ணிச் சொல்லுவாரா?"

பாயிஸ் எழும்பினான். என்னைப் பார்க்கவில்லை. நேராக முன்னால் போனான். அவனுக்கு விளங்கியிருந்தது, ஒரு 'ஓம்' போதும், கண்டல் தப்பும். எனக்காகப் பன்னிரண்டு முறை கையெழுத்துப் போட்டவன், இன்றைக்கும் போடத்தான் போனான். ஆனால் இது தாள் இல்லை. அவன் வலது கையைத் தூக்கினான். வாயில் அல்லாஹ்வின் பெயர் வரப் போனது.

கையெழுத்து விளையாட்டு. அது விளையாட்டில்லை.

"இருடா பாயிஸ்!" என்று கத்தினேன். மூதூரில் படுத்திருந்தவர்கள் எல்லாரும் எழும்பியிருப்பார்கள். "ஐயா, அவன் அங்க இல்லை. நான் தனியத்தான் கண்டனான். அவனுக்கு அண்டைக்குக் காய்ச்சல். அந்தக் கையெழுத்து நான் வாங்கினது. அதைத் திருப்பித் தாங்கோ."

நிப்றாஸுக்குப் பெருநாள். "தலைவர் ஐயா, இதான் இவங்கட சாட்சியம். ஒண்டு பொய்யெண்டு அவங்களே சொல்லிட்டாங்க. மிச்சமும் இப்பிடித்தான். வீட்டுக்குள்ள இருந்து ஆளுக்காள் கையெழுத்து. குப்பையாத் தள்ளலாம்."

தலைவர் பேனாவை மூடினார். மூடி 'டிக்' என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தில் கண்டல் மொத்தமும் சரிந்து விழுந்ததைக் கேட்டேன். நான் மிகைப்படுத்தவில்லை.

சனூஸா நிப்றாஸிடம் போய், அவன் கையிலிருந்த கடற்பசுவை வாங்கினாள். தலைவருக்குக் காட்டினாள். நாலாய் மடித்து என் கையில் வைத்தாள். "இது போச்சு. எங்கட உம்மாட சட்டப்படி இது படமில்லை. இதை நாங்களே எடுக்கிறம்." பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினாள். "மிச்சம் எழுநூத்திப் பதினெட்டு இருக்கு ஐயா. குப்பையெண்டு அந்த ஆள் சொல்றார். ஒவ்வொண்டா வாசிப்பம். சாட்சி எழும்பி நிண்டு சொல்லட்டும். ஒருத்தர் காணயில்லையெண்டு சொன்னாலும் நீங்க தள்ளலாம்."

"எழுநூறையுமா?" என்றார் தலைவர்.

"பதினெட்டையும் சேர்த்து."

"தங்கச்சி, நேரம்..."

"எங்களுக்கு முப்பது நாள் தந்தனீங்க. அவங்களுக்கு நூத்திப் பன்னெண்டு பக்கம் குடுத்தனீங்க. எங்கட பக்கத்தை வாசிக்க நேரம் இல்லையெண்டா, அதை எழுதித் தாங்க. கையெழுத்தோட."

தலைவர் கீர்த்தனியைப் பார்த்தார். கீர்த்தனி புதுக் கொப்பியொன்றைத் திறந்து, முதல் வரியில் ஒன்று என்று இலக்கம் போட்டாள்.

சனூஸா வாசித்தாள். "இரண்டாயிரத்திப் பதிமூண்டு, ஜனவரி ஆறு. காலை ஏழு. பரீதா நகர் கண்டல், வடக்கு வாய். வெள்ளம் ஏத்து. வாடை. கூழைக்கடா பதினாலு. சாட்சி, நூறுல் அயின்."

"ஓம், நான் கண்டனான்," என்று பின்வரிசையில் ஒரு மனுசி எழும்பினா. பக்கத்தில் பன்னிரண்டு வயது மகன். "அண்டைக்கு இவன் வயித்தில."

"அதே வருஷம், மார்ச் இரண்டு. பரீதா நகர் கண்டல், பாலத்துப் பக்கம். வத்து. உடும்பு ஒண்டு, பால் குடிக்கிற கன்றின்ட நீளம். சாட்சி, ஹிஸ்புல்லா ஹாஜியார்."

"ஓம். கன்றை விடச் சின்னன். அவங்க கூட்டி எழுதியிருக்காங்க. குறைச்சுக்கோங்க மகள்."

கீர்த்தனி குறைத்தாள். அந்தக் குறைப்பு எங்களுக்குச் செய்த நன்மையை எந்த வக்கீலும் செய்திருக்கமாட்டான்.

நான் எதிர்பார்த்தது பத்துப் பேரோடு களைத்துப் போவார்கள் என்று. எங்கள் ஊரை நானே குறைத்து மதித்துவிட்டேன். லுஹருக்கு நிறுத்தினோம். தொழுதுவிட்டு வந்து தொடர்ந்தோம். அஸருக்கு நிறுத்தினோம். நூற்றுத் தொண்ணூறு முடிந்தது. தலைவர், "இன்று போதும்," என்றார். "போதாது, நாளைக்கு வாறம்," என்றது மண்டபம். மறுநாள் ஐந்து பஸ். மவுத்தான சாட்சிகள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்காக மகன்மார், மகள்மார் எழும்பி, "அது எங்கட வாப்பாட கையெழுத்து, இந்தா அடையாள அட்டையில இருக்கு, ஒத்துப் பாருங்க," என்றார்கள். கட்டாரில் வேலை செய்யும் ஒருவன் தொலைபேசியில் வந்து, "ஓம், நான் கண்டனான், அது நாரைதான், குடை இல்லை," என்றான். குடையென்று யார் சொன்னதென்று அவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த மூன்று நாளும் ஊரில் ஆமையும் நடந்தே செய்தி கொண்டுபோனது.

ஒவ்வொரு தாளிலும் இடம் என்ற இடத்தில் 'பரீதா நகர் கண்டல்'. சனூஸா அதைமட்டும் ஒரு சொல்லும் விழுங்காமல் வாசித்தாள். கீர்த்தனி எழுதினாள். குழுவின் பதிவேட்டில் எங்கள் ஊர்ப் பெயர் எழுநூற்றுப் பதினெட்டு முறை ஏறியது. நான் எண்ணினேன். இதில் மட்டும் ஒன்றும் கூட்டவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கடைசிச் சாட்சி உட்கார்ந்தபோது தலைவர் கண்களை மூடியிருந்தார். நித்திரையோ, நினைப்போ. திறந்து, அறிக்கையை எடுத்து, அந்த ஒரு வரியைப் பேனாவால் வெட்டினார். நிறுவனம் கண்டலை ஒரு முழு வருடம் எல்லா மாதமும் பார்த்து, புதிதாக எழுதிக் கொண்டுவர வேண்டும், கீர்த்தனி கூட இருக்க வேண்டும், அதுவரை ஒரு கொப்புக்கூட வெட்டக்கூடாது என்றார். திட்டம் செத்துப்போனது என்று ஊரில் வெடி கொளுத்தினார்கள். சாகவில்லை. ஒரு வருடம் தள்ளிப் போனது. ஆனால் வரைபடத்தைத் திரும்ப அச்சடிக்கும்போது பச்சைக் கட்டத்தின் மேல் 'பரீதா நகர்' என்று போட்டிருந்தார்கள். சனூஸா அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

என்னோடு அவள் பதினாறு நாள் கதைக்கவில்லை. பதினேழாம் நாள் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்தனுப்பினாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கீர்த்தனி மாதம் இரண்டு தடவை வருகிறாள். அந்தப் படத்தைத் தரமுடியுமா என்று கேட்டாள். தரமாட்டேன் என்றேன். "சாட்சி இல்லாததைப் பரீதா நகரில ஒருத்தரும் குடுக்கமாட்டம் மகள். நீங்க வந்து நில்லுங்க. கண்டா நீங்களே சாட்சி." சிரித்தாள். பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள்.

அவள் வராத நாளிலும் நான் போகிறேன். காலை ஆறு மணிக்கு, பாயிஸையும் இழுத்துக்கொண்டு. ஏழு மாதமாகிறது. கடற்பசு இன்னும் வரவில்லை. பாயிஸ் இப்போது பெரிய நீதவான். போன கிழமை எங்களுக்கு முன்னால், பத்தடி தூரத்தில், ஒரு வெள்ளைக் கொக்கு இறங்கி நின்றது.

"கண்டியா?" என்று பென்சிலை எடுத்தேன்.

"ஓம் போலத்தான் இருக்கு."

"போலத்தானா? கொக்கு மச்சான்! கொக்கு!"

"இறங்கேக்க நான் தும்மினனான்," என்றான் பாயிஸ். "பறந்து போய் இன்னொருக்கா இறங்கட்டும். அப்ப போடுறன்."